உன் லிஃப்ட் கதை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய லிஃப்ட் கதையைப் படித்துவிட்டேன். ஒரே மூச்சில் படித்தேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் நடுவில் இரண்டு தடவை எழுந்து போய் அறைக்கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்தேன். இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் உன்னைப் படியேற வைப்பேன், ஞாபகம் இருக்கிறதா? "உடம்புக்கு நல்லது" என்பேன். பொய். எனக்கு லிஃப்ட் என்றால் பயம். கதவு மூடுகிற அந்த இரண்டு நொடியில் உள்ளங்கை வேர்த்துவிடும். உன் அம்மாவுக்கு மட்டும் தெரியும், கடைசிவரை காட்டிக்கொடுக்கவில்லை.

அந்த அனுபவத்தில் சொல்கிறேன், கதையில் ஒரு தப்பு இருக்கிறது. உள்ளே மாட்டிக்கொண்டவளுக்குக் காற்று தீர்ந்துபோகிறது என்று எழுதியிருக்கிறாய். லிஃப்ட் காற்றுப் புகாத டப்பா இல்லை. இடுக்கு வழியாகக் காற்று வந்துகொண்டேதான் இருக்கும். அவளுக்கு மூச்சு முட்டுவது, பயத்தில் தேவைக்கு மேல் வேகவேகமாக மூச்சு விடுவதால். அப்படி விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். விரல் நுனி மரத்துக் குறுகுறுக்கும், உதட்டைச் சுற்றி ஊசி குத்துவது போலிருக்கும், தலை சுற்றும். ஐயோ காற்று இல்லையே என்று இன்னும் வேகமாக இழுப்போம். அவளுடைய விரல்களை எழுது, பாப்பா. "சுவர்கள் நெருங்கி வந்தன" என்ற வரியை அடித்துவிடு. எனக்கு ஒருநாளும் சுவர் கண்ணில் பட்டதில்லை. கதவையேதான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

போன மாதம் "சும்மா ஒரு ஸ்கேன்" என்று போனில் சொன்னேனே, அது எம்.ஆர்.ஐ., ஒரு குழாய்க்குள் படுக்க வைத்து எடுப்பது. சும்மா ஒன்றும் இல்லை. அந்தக் குழாயின் அகலம் 60 சென்டிமீட்டர், புதிய மெஷின்களில் 70. மூக்குக்கு நேர் மேலே கூரை. டமடமவென்று சத்தம். அசையக் கூடாது. முதல் தடவை உள்ளே போன வேகத்தில் வெளியே எடுக்கச் சொல்லிவிட்டேன். ஸ்கேன் எடுக்கிற பெண் முகம் சுளிக்காமல் என் கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, "இதை அழுத்துங்க, உடனே வெளிய எடுத்துடுறேன்" என்றாள். அரை மணி நேரம் அதைப் பிடித்தபடி படுத்திருந்தேன். ஒரு தடவைகூட அழுத்தவில்லை. குழாய் என்னவோ அதே குழாய்தான்.

நினைத்தால் வெளியே வரலாம் என்றால் எங்கேயும் இருந்துவிடலாம் போல. வர முடியாதென்றால், பெரிய அரங்கத்தில் வரிசையின் நடு நாற்காலிகூட எனக்கு லிஃப்ட்தான். வேலையிலும் அப்படித்தான் இருந்தேன். ராஜினாமாக் கடிதத்தை எழுதி மேசைக்குள் வைத்துக்கொண்டே பத்து வருஷம் ஓட்டியவன் நான்.

நாம் சேர்ந்து பார்த்தோமே, 1957-இல் வந்த '12 ஆங்ரி மென்'. ஏறக்குறைய முழுப் படமும் ஒரே அறைக்குள். இயக்குநர் சிட்னி லூமெட் கேமராவை முதலில் கண்மட்டத்துக்கு மேலே வைத்தார், அப்புறம் கண்மட்டத்தில், கடைசியில் அதற்கும் கீழே. கூரை தலைக்கு மேல் தெரிய ஆரம்பித்துவிடும். லென்ஸையும் போகப்போக நீண்ட குவியத்தூரம் உள்ளதாக, அதாவது தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டுவதாக மாற்றினார். பின்சுவர் ஆட்களின் முதுகில் வந்து ஒட்டிக்கொண்டது. ஆனால் சுவர் நெருங்குகிறது என்று யாராவது வாய்விட்டுச் சொன்னார்களா?

நீயோ முதல் பக்கத்திலேயே எல்லாவற்றையும் பூட்டிவிட்டாய். லிஃப்ட் நிற்கிறது, விளக்கு அணைகிறது, போன் செத்துவிடுகிறது, அலாரமும் அடிக்கவில்லை. என்ன அவசரம்? முதலில் அலாரம் அடிக்கட்டும். வெளியிலிருந்து யாரோ "இதோ வர்றோம்" என்று குரல் கொடுக்கட்டும். அவள் கையிலும் ஒரு பந்து இருக்கட்டும். அப்புறம் ஒவ்வொன்றாகப் பிடுங்கு.

திருத்தி அனுப்பு. ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு படிக்கிறேன்.

அப்பா