செயலாளரின் ஆண்டறிக்கை: ஆமைகளுக்கு முதலுதவி கற்ற வருடம்

நம் செல்லப்பிராணி வளர்ப்போர் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும், நிருவாகக் குழுவினருக்கும், அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நிருவாகக் குழு மாதந்தோறும் கூடியது. புத்தாண்டை முன்னிட்டு ஏப்ரல் கூட்டத்தை மட்டும் விட்டுவிட்டோம். நாய்களுக்கான விசர்நோய்த் தடுப்பூசி நாள் வழக்கம்போல நடந்தது. வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த அறிக்கையில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது ஊர்வன வளர்ப்போருக்காகக் கொழும்பு வெள்ளவத்தையில் நடத்திய முதலுதவி வகுப்பைப் பற்றித்தான். அது தொடங்கிய காரணம் என் வீட்டில் இருக்கிறது. எட்டு வருடம் எங்களோடு இருந்த சிவப்புக்காது ஆமை பல்கனியிலிருந்து விழுந்து ஓடு வெடித்தது. இரத்தத்தைத் துடைத்து, வெடிப்பைச் சுப்பர் குளூவால் ஒட்டி, அன்றே தண்ணீரில் விட்டேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். கிருமி உள்ளே அடைபட்டுப் புண் சீழ் பிடித்தது. இரண்டு கிழமையில் ஆமை போய்விட்டது. சென்ற பொதுக்கூட்டத்தில் இதைச் சொன்னபோது இன்னும் சிலரும் இதே போன்ற கதைகளைச் சொன்னார்கள். வகுப்பு வைத்தே ஆகவேண்டும் என்று அன்றுதான் முடிவானது.

வகுப்பை எடுத்த மிருக வைத்தியர் முதலில் வெடித்த ஓட்டையே எடுத்துக்கொண்டார். 1 லீற்றர் கொதித்தாறிய நீருக்கு 9 கிராம் உப்பு என்ற அளவில் கரைத்துக் கழுவ வேண்டும். போவிடோன் அயடின் என்ற கிருமிநாசினியை மெல்லிய பிளேன்டீ நிறம் வரும்வரை நீர் கலந்து தடவி, சுத்தமான கோஸ் துணியால் மூட வேண்டும். அதன்பின் வைத்தியரிடம் போகும்வரை ஆமையைத் தொட்டியில் விடாமல், ஈரமில்லாத துவாய் விரித்த பெட்டியில் வைக்க வேண்டும். ஒட்டும் பசை எதுவும் கூடவே கூடாது. இந்த நான்கு வரியை ஒரு வருடம் முன்பே அறிந்திருந்தால் என்று நான் நினைக்காத நாளில்லை.

அப்புறம் மூழ்கிய ஆமை. வடிகட்டிக் குழாயில் கால் மாட்டி நீருக்கடியில் கிடப்பது அடிக்கடி நடப்பதாம். ஆமையின் விலா எலும்புகள் ஓட்டோடு ஒன்றாகிவிட்டவை. அதனால் மனிதருக்குச் செய்வதுபோல் நெஞ்சை அழுத்திப் பயனில்லை. தலை கீழே இருக்கும்படி பிடித்து, கழுத்தை மெல்ல நீட்டி, நீர் வடியவிட வேண்டும். பிறகு நிமிர்ந்தபடி வைத்து முன்னங்கால்களை மெதுவாக வெளியே இழுத்து உள்ளே தள்ளினால் நுரையீரலுக்குக் காற்று போய்வரும். மல்லாக்கப் போடக்கூடாது. அசைவில்லை என்பதற்காகச் செத்ததென்று முடிவுகட்டவும் கூடாது. ஒக்சிசன் இல்லாமல் நெடுநேரம் தாங்கக்கூடிய உடம்பு அது. எழுந்து நடந்தாலும் வைத்தியரிடம் காட்டியே ஆகவேண்டும், சில நாள் கழித்து நிமோனியா வரலாம். பிளாஸ்டிக் பொம்மை ஆமையை வைத்து ஒவ்வொருவரும் செய்து பார்த்தோம். பிள்ளைகளின் கை பெரியவர்களுடையதைவிட நிதானமாக இருந்தது.

வெப்பத்துக்காகப் போடும் விளக்கின் சூடு பட்ட புண்ணுக்குப் பற்பசை, எண்ணெய் வேண்டாம், ஐசும் வேண்டாம், குளிர்ந்த நீர் போதும். இகுவானாவின் விரலில் உரியாத தோலைப் பிய்க்காமல் இளஞ்சூட்டு நீரில் ஊறவிட வேண்டும். நம் வீட்டு மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. நாய்க்குப் போடும் ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து ஆமையைக் கொன்றுவிடும். நாயும் ஆமையும் சேர்த்து வளர்க்கும் வீடுகள் நம்மில் பல இருப்பதால் இதை இரண்டாம் முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

கண் வீங்குவதும் ஓடு மெலிவதும் திடீரென வருவன அல்ல. உலர் இறாலை மட்டும் போட்டு வளர்த்தால் விற்றமின் ஏ குறையும், கண் வீங்கும். சுண்ணாம்புச் சத்தும் வெயிலும் போதாவிட்டால் ஓடு மெலியும். தொடர்மாடி வீடுகளில் யன்னல் கண்ணாடிக்குப் பின்னால் தொட்டியை வைத்துவிட்டு வெயில் படுகிறது என்று நம்புகிறோம். ஓட்டுக்குத் தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடுகிறது.

இரண்டு விடயங்களில் குழு உறுதியாக இருக்கிறது. ஒன்று, நட்சத்திர ஆமையும் பாலாமையும் இந்நாட்டுச் சட்டம் பாதுகாக்கும் உயிர்கள். வீட்டில் வைத்திருப்பவர் வனசீவராசிகள் திணைக்களத்தோடு பேசுவதே சரி. மற்றது, வளர்க்க முடியாமற்போன சிவப்புக்காது ஆமையை வெள்ளவத்தைக் கால்வாயில் விடுவது. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் அதுவும் ஒன்று, நம் நாட்டு ஆமைகளின் இடத்தைப் பிடித்துவிடும். தயவுசெய்து விடாதீர்கள், சங்கத்திடம் சொல்லுங்கள், வேறு வீடு பார்ப்போம்.

ஆமையைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், சல்மொனெல்லா கிருமி ஆரோக்கியமான ஆமையிலும் இருக்கும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் தூக்கக் கொடுக்க வேண்டாம்.

வரும் வருடம் வகுப்பை இருமுறை நடத்தக் குழு தீர்மானித்துள்ளது. முதலுதவிப் பெட்டி ஒன்றைச் சங்கச் செலவில் வாங்கி என் வீட்டில் வைத்திருக்கிறேன். இரவானாலும் கதவைத் தட்டலாம்.

செயலாளர்