அந்தமானில் ஒரு முகூர்த்தம்

அடையாறு,
சென்னை.

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து, படியேறி மாடிக்குப் போகும் அளவுக்குத் தேறிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியில் என் சுயநலமும் கொஞ்சம் கலந்திருக்கிறது என்பது கடிதத்தை முடிப்பதற்குள் உனக்கே புரிந்துவிடும். மகளுக்கு வரன் அமைந்த செய்தியைத் தொலைபேசியில் சொன்னபோது, எந்த மண்டபம் என்று கேட்டாய். எழுதுகிறேன் என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். மண்டபமே கிடையாது. வருகிற தை மாதம், அந்தமானில், ஹேவ்லாக் தீவில் கல்யாணம். 2018-ஆம் ஆண்டின் கடைசியில் அதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றிவிட்டார்கள். படகுத்துறையிலும் விடுதியிலும் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள்.

தீவில்தான் கல்யாணம் என்பது பிள்ளைகளின் ஆசை. மாப்பிள்ளை ஸ்கூபா கற்றுக்கொண்டது அங்கேதான் என்பதால் அவருக்கு அந்த ஊர்மேல் ஒரு பிடிப்பு. ஆனால் முதலில் பேச்சு அடிபட்டது பாலி. அங்கே இருப்பவர்களும் இந்துக்கள்தானே என்று மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆரம்பித்தார்கள். பங்குனியில் வைக்கலாம் என்று பார்த்தால், மார்ச் மாதத்தை ஒட்டி வரும் நியெபி என்ற மௌன நாளில் விமான நிலையத்தையே ஒரு நாள் முழுக்க மூடிவிடுவார்களாம். அதைவிடப் பெரிய தடை, சம்பந்தி அம்மாளுக்குப் பாஸ்போர்ட் இல்லை; நம் பக்கத்துப் பெரியவர்களில் பாதிப் பேருக்கும் இல்லை. மாலத்தீவில் வழிபாட்டுச் சிலைகளைச் சுங்கத்தில் அனுமதிப்பதில்லை என்று தெரிந்ததும், பிள்ளையார் இல்லாமல் என்ன கல்யாணம் என்று என் வீட்டுக்காரர் அந்தப் பேச்சை அன்றோடு முடித்துவிட்டார். அந்தமான் என்றால் கடல் தாண்டினாலும் நம் நாடுதான். விசா, நாணய மாற்று, தூதரகம் எதுவும் வேண்டாம். 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமே அங்கும் செல்லும்.

மாமியாரிடம் சொன்ன அன்றைக்குத்தான் வேடிக்கை. “தீவாந்திரத் தண்டனை கொடுத்து அனுப்புகிற ஊருக்கா பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்த் தாலி கட்டச் சொல்கிறீர்கள்?” என்று கேட்டு, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவர் தலைமுறைக்கு அந்தமான் என்றால் செல்லுலார் சிறைதான். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் சின்ன மாமனார்தான் கைகொடுத்தார். ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் ‘மாநக்கவாரம்’ என்று வருவது அந்தத் தீவுக்கூட்டத்தின் தென்கோடியிலுள்ள நிக்கோபார்தான், சோழன் கப்பல் போன வழியில் நம் வீட்டுப் பெண் போனால் என்ன என்று அவர் கேட்டதில் மாமியார் பாதி சமாதானம் ஆனார். மீதிப் பாதிக்கு வருகிறேன்.

மாதத்தை முடிவு செய்தது பஞ்சாங்கமும் மழையும் சேர்ந்து. மே மாதத்தின் மூன்றாவது வாரத்தை ஒட்டித் தென்மேற்குப் பருவக்காற்று நாட்டில் முதலில் தொடுவது அந்தமான் கடலைத்தான் என்பதால் வைகாசியும் ஆவணியும் உதவாது. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலில் புயல் சின்னம் உருவானால் தீவுகளுக்கிடையே ஓடும் படகுகளை நிறுத்திவிடுவார்கள். ஆடியும் மார்கழியும் நமக்கே ஆகாது. கடல் அடங்கி, வானம் தெளிந்து, முகூர்த்தமும் இருக்கிற மாதங்கள் என்று பார்த்தால் தையும் மாசியும்தான் மிஞ்சின.

முகூர்த்த நேரத்தில் ஒரு சிக்கல் வந்தது. ஜோதிடர் குறித்துக் கொடுத்த லக்ன நேரம் சென்னைக்குக் கணித்தது. ஹேவ்லாக்கோ நமக்கு ஏறக்குறைய பன்னிரண்டரை பாகை கிழக்கே இருக்கிறது. கடிகாரம் மட்டும் ஒன்றுதான். அதனால் சூரியன் உதிப்பதும், லக்னம் மாறுவதும், ராகு காலம் தொடங்குவதும் அங்கே சுமார் ஐம்பது நிமிடம் முன்னதாகவே நடந்துவிடும். சென்னை நேரத்தையே பத்திரிகையில் அச்சடித்திருந்தால் அடுத்த லக்னத்தில் தாலி ஏறியிருக்கும். வேறு ஊருக்கு நாள் குறிக்கும்போது ஊரின் பெயரைச் சொல்லிக் கணிக்கச் சொல்ல வேண்டும் என்பதை உன் தம்பி மகள் கல்யாணத்துக்கும் நினைவில் வைத்துக்கொள். மாலையிலும் இதே கணக்குத்தான். தை மாதத்தில் அங்கே ஐந்தேகால், ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். நம்மூர் வழக்கப்படி ஏழு மணிக்கு வரவேற்பு என்று போட்டால் கடலே கண்ணுக்குத் தெரியாது, நாலரைக்கே வைத்திருக்கிறோம்.

இதெல்லாம் கணக்குப் போட்டுத் தீர்க்கிற விஷயம். என் தூக்கத்தைக் கெடுத்தது அழைப்புப் பட்டியல்தான். சென்னையில் கல்யாணம் என்றால் ஆயிரம் பத்திரிகை அடிப்போம். வங்கியில் கூட வேலை பார்த்தவர்கள், குடியிருப்பில் இருப்பவர்கள், எப்போதோ அவர்கள் வீட்டுக்கு நாம் மொய் எழுதியவர்கள் என எல்லாரும் வரவேற்பு வரிசையில் நின்று, உறையைக் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு, பந்தியில் சாப்பிட்டு, தாம்பூலப் பையோடு போவார்கள். யாரையும் விட்டோம் என்ற பேச்சே எழாது. தீவில் விடுதி அறையும் படகு இருக்கையும்தான் பட்டியலைப் போடுகின்றன. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து நூற்றுப்பத்துப் பேர். அதில் பாதி சம்பந்தி வீட்டுக்கு, மீதியில் ஒரு பங்கு பிள்ளைகளின் நண்பர்களுக்கு. என் கூடப்பிறந்தவர்கள், அவர் கூடப்பிறந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள் என்று எழுதியபோதே தாள் நிறைந்துவிட்டது. சித்தப்பா மகனை அழைத்து, பெரியப்பா மகளை விட்டால் நம் குடும்பத்தில் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாததில்லை.

பணத்தைப் பற்றிய சங்கடம் அதைவிட நுணுக்கமானது. அறை, சாப்பாடு, படகு எல்லாம் எங்கள் பொறுப்பு என்பதில் சம்பந்தி வீட்டாரும் நாங்களும் ஒரே மனதாக இருந்தோம். விமான டிக்கெட்டை விருந்தாளிகள் எடுத்துக்கொள்வதுதான் இந்தக் கால வழக்கம் என்று பிள்ளைகள் சொன்னார்கள். அவர்களுடைய நண்பர்களுக்கு அது சரி. ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்துகிற என் அக்காவிடம், நீயே டிக்கெட் எடுத்துக்கொண்டு என் மகளை ஆசீர்வதிக்க வா என்று எந்த வாயால் சொல்வது? எனவே அறுபது வயதைத் தாண்டிய உறவினர் எல்லாருக்கும் நாங்களே டிக்கெட் எடுக்கிறோம். அதற்காக அலங்காரச் செலவில் பாதியை வெட்டினேன். மகள் முகம் சுருங்கினாலும் மறுத்துப் பேசவில்லை. மொய் வாங்குவதில்லை என்றும் முடிவு செய்துவிட்டோம். மூன்று நாள் வேலையை விட்டுவிட்டுக் கடல் தாண்டி வருகிறவரிடம் உறை வாங்குவதை என் மனம் ஏற்கவில்லை.

வர முடியாதவர்களுக்காக, கல்யாணத்துக்கு முந்திய வாரம் இங்கே வீட்டிலேயே பந்தக்கால் நட்டு, சுமங்கலிப் பிரார்த்தனையும் நலுங்கும் வைத்து, எல்லாருக்கும் விருந்து போடுகிறோம். மாமியாரின் மீதிப் பாதிச் சமாதானம் இதில்தான் கிடைத்தது. எண்பத்து நான்கு வயதில் அவரைப் படகில் ஏற்ற எனக்குத் துணிவில்லை. ஹேவ்லாக்கில் இருப்பது ஆரம்ப சுகாதார நிலையம்தான், பெரிய வைத்தியம் என்றால் தலைநகரான போர்ட் பிளேருக்குத்தான் கொண்டுபோக வேண்டும். (அதற்கும் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், எனக்குப் பழைய பெயர்தான் வாயில் வருகிறது.) முதல் நலுங்கு வைப்பவர் அவர்தான் என்று சொல்லிவிட்டோம். முகூர்த்தத்தை இங்கே உட்கார்ந்தபடியே தொலைக்காட்சியில் நேரலையாகப் பார்க்கவும் ஏற்பாடு செய்கிறோம். 2020-இல் சென்னையிலிருந்து கடலுக்கடியில் போட்ட கண்ணாடியிழைக் கம்பி ஹேவ்லாக் வரைக்கும் போகிறது என்பதால் அது நடக்கும் என்று மாப்பிள்ளை உறுதி சொல்கிறார்.

பொருள்களைக் கொண்டு சேர்ப்பது தனிக் கதை. முதலில் பேசிய வெடிங் பிளானரின் பட்டியலில் மெஹந்தி, சங்கீத், ஹல்தி எல்லாம் இருந்தன. காசி யாத்திரையும் ஊஞ்சலும் இல்லை. ஊஞ்சலுக்குத் தனிக் கட்டணம் என்று அவர் சொன்னதோடு அவரை விட்டுவிட்டு, போர்ட் பிளேரிலேயே இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் மூலம் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்கிறோம். அந்த ஊரில் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வெற்றிமலை முருகன் கோயிலும் இருக்கிறது. அவர்கள் சொல்லித்தான் தெரிந்தது, கற்பூரம், தீப்பெட்டி, கொப்பரைத் தேங்காய் மூன்றையும் விமானப் பெட்டியில் வைக்க முடியாது என்பது. சீர்வரிசைத் தட்டுக்கென்று கொப்பரை வாங்கி மூட்டை கட்டிவைத்திருந்தாள் என் நாத்தனார். இனி அதைக் குழம்புக்குத்தான் அரைக்க வேண்டும். தேங்காய்க்கு அந்தமானில் பஞ்சமில்லை. வாழை மரம், வாழையிலை, பாக்கு எல்லாம் தீவிலேயே கிடைக்கின்றன. காய்கறியில் பெரும்பகுதி கப்பலில் வருவதால், கப்பல் தாமதமானால் என்ன சமைப்பது என்று சமையல்காரர் இப்போதே இரண்டாவது பட்டியல் ஒன்று போட்டு வைத்திருக்கிறார். அதில் பூசணியும் சேனையும் கருணையும்தான் ஆட்சி செய்கின்றன. பூவை மட்டும் கோயம்பேட்டிலிருந்துதான் கொண்டுபோக வேண்டும். விடியுமுன் வாங்கிய மல்லிகை மொட்டைத் தொடுக்காமல், ஈரத்துணி சுற்றி, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பொட்டலத்தோடு அடைத்துக் காலை விமானத்தில் அனுப்பி, அங்கே போனபின் பெண்கள் உட்கார்ந்து தொடுப்பதாகத் திட்டம். மாலைக்குச் சம்பங்கிதான் தாங்கும் என்றார் பூக்கடைக்காரர்.

நாங்கள் பிடித்திருக்கும் விடுதி தீவின் கிழக்குக் கரையில், விஜய் நகரில் இருக்கிறது. அவர்கள் அனுப்பிய படத்தில் மணலை ஒட்டியே நீலக்கடல் அலையடித்தது. போய்ப் பார்த்த நேரமோ வற்றம். கடல் வெகுதூரம் உள்வாங்கி, கரை நெடுக இறந்த பவளப்பாறைகள் கறுத்துக் கிடந்தன. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி இந்த ஏற்றமும் வற்றமும் இன்னும் மிகுதி என்பதால், ஓத அட்டவணையை வாங்கி முகூர்த்த நாளோடு ஒப்பிட்ட பிறகுதான் முன்பணம் கொடுத்தோம். அடுத்த வழக்கு புகைப்படக்காரருக்கும் புரோகிதருக்கும் இடையில். மணமக்களின் பின்னால் கடல் தெரிய வேண்டும் என்கிறார் ஒருவர். மணமக்கள் கிழக்கு நோக்கி அமர வேண்டும் என்கிறார் மற்றவர். கிழக்குக் கரையில் கிழக்கு நோக்கினால் கடல் முகத்துக்கு நேரேதான் இருக்கும். படத்துக்காகத் திசையை மாற்ற முடியாது என்று நான் சொல்லிவிட்டேன். அவர் பக்கவாட்டில் நின்று எடுக்கட்டும். காற்றில் குத்துவிளக்கு அணைந்தால் அதையே ஆண்டுக்கணக்காகப் பேசக்கூடிய அத்தைகள் இருவர் பட்டியலில் இருப்பதால், மணலில் பந்தல் வேண்டாம் என்று, விடுதித் தோட்டத்தில் மரங்களுக்குக் கீழே கீற்றுப் பந்தல் போட்டு மூன்று பக்கமும் தட்டி கட்டச் சொல்லியிருக்கிறோம். ஒலிபெருக்கியைக் காலை ஆறு மணிக்கு முன்னும் இரவு பத்துக்குப் பின்னும் போடக் கூடாது. நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் மைக்கே வேண்டாம் என்பது என் கட்சி.

இனி உன்னிடம் வருகிறேன். ஊஞ்சலில் பாட எனக்கு உன்னை விட்டால் ஆள் இல்லை. ராணி மேரி கல்லூரி விடுதியில் யாருக்கு நிச்சயமானாலும் நீ பாடிய லாலியை, என் மகள் உட்காரும் ஊஞ்சலிலும் நீதான் பாட வேண்டும். ஒலிநாடாவில் போடும் லாலி எனக்கு வேண்டாம். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். மதியத்துக்குப் பிறகு இறங்கினால் படகு கிடைப்பது கடினம் என்பதால் எல்லாரும் காலை விமானத்திலேயே போகிறோம். அங்கிருந்து ஹேவ்லாக்குக்குப் படகில் ஒன்றரை மணியிலிருந்து இரண்டரை மணி நேரம் ஆகும். உட்கார்ந்தே போகலாம், குளிர்சாதன வசதியும் உண்டு. படகில் ஏறும் பலகையில் மட்டும் ஒரு கை பிடிக்க வேண்டியிருக்கும். அதற்கு நான் இருக்கிறேன். கிளிஞ்சல் பொறுக்குகிற உன் பழக்கத்தை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டு வா. சங்கும் பவளமும் பெட்டியில் இருந்தால் திரும்பும்போது விமான நிலையத்தில் பறித்துக்கொள்வார்கள்.

தரைத்தளத்தில், கடலைப் பார்த்த அறையாக உங்களுக்கு எழுதி வைத்திருக்கிறேன். படகு டிக்கெட்டுக்கு அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரும் வயதும் கேட்கிறார்கள். உன்னுடையதும் அண்ணனுடையதுமான ஆதார் நகலை இந்த வாரத்துக்குள் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடு. அண்ணனுக்கு நம்முடைய சாம்பாரில் உப்புக் குறைக்க வேண்டுமா என்பதையும் சேர்த்து எழுது. சமையல்காரரிடம் இப்போதே சொல்லி வைக்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி