கைக்கண்ணாடி கொடுத்த அக்காவுக்கு

நேற்றுத்தான் கடைசித் தையலையும் பிரித்தார்கள். வாய் இன்னும் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. கைக்கு அந்தத் தடை இல்லை என்பதால் எழுதிவிடுகிறேன்.

நடந்ததெல்லாம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். தாடையின் அடிவிளிம்பு வரை இறங்கிப் படுத்திருந்த பல், அதைச் சுற்றியிருந்த நீர்க்கட்டி, இரண்டு முறை தள்ளிப்போன தேதி எதையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. வாழ்நாளெல்லாம் வெளியே தலைகாட்டாத ஒன்றுக்கு ஞானப்பல் என்று பெயர் வைத்தவர் மட்டும் என் கையில் அகப்பட வேண்டும்.

நரம்பை ஒட்டியே பல் கிடப்பதால் உதடு மரத்துப்போகலாம் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அது எப்படிப்பட்டது என்று அறுவைக்கு மறுநாள் காலை தண்ணீர் குடித்தபோதுதான் விளங்கியது. குடித்துவிட்டதாக நினைத்து டம்ளரைக் கீழே வைக்கிறேன்; சட்டை நனைந்திருக்கிறது. பார்க்க வந்தவர்கள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். குறை சொல்லவில்லை, நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா திருப்பிக்கொள்ளவில்லை. துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு, தன் பையிலிருந்து உள்ளங்கை அளவுக் கண்ணாடி ஒன்றை எடுத்தார். ஒரு மூலை உடைந்து, அங்கே பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. “உதட்டுக்குத் தெரியவில்லை என்றால் கண் பார்த்துக்கொள்ளட்டும், தம்பி. சரியானதும் கொடு” என்றார். மறுபடி துடைக்கப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அதை எதிரே நிறுத்தி வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு மடக்கும். நாலைந்து நாளில் சிந்தாமல் குடிக்கப் பழகிவிட்டேன். டிஸ்சார்ஜ் தாளில் எழுதப்படாத வைத்தியம் அது.

பல்லைத் துண்டு துண்டாக அறுத்தெடுத்து, நரம்பைக் காப்பாற்றி, பள்ளத்தில் எலும்புத் துகள் நிரப்பிச் சவ்வு போர்த்திய மருத்துவருக்கும், மயக்க மருந்து கொடுத்தவருக்கும், கட்டியில் பயப்பட ஒன்றுமில்லை என்று உடனே அழைத்துச் சொன்ன ஆய்வகத்தாருக்கும், என் வேலையைப் பங்குபோட்டுக்கொண்ட அலுவலக நண்பர்களுக்கும், எதைக் கண்டாலும் அரைத்தே தீருவேன் என்று மிக்சியோடு நின்ற தம்பிக்கும் ஒரே மூச்சில் நன்றி சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

அந்தத் துகள்கள் கட்டடத்துக்குக் கட்டும் சாரம் மாதிரிதானாம். அதைப் பற்றிக்கொண்டு என் எலும்பே வளர்ந்து பள்ளத்தை நிரப்ப மாதக்கணக்கில் ஆகும். கடினமான எதையும் இப்போதைக்குக் கடிக்கக் கூடாது, மெலிந்த தாடை முறிந்துவிடக்கூடும். இருக்கட்டும், கடிக்காமல் இருக்கிறேன்.

முந்தாநாள் இரவு உதட்டோரத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. விளக்கைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். எறும்பு இல்லை.

அடுத்த எக்ஸ்ரேவுக்குப் போகும்போது கண்ணாடியைக் கொடுத்துவிட வேண்டும். அக்காவின் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. காலையில்தான் அந்த வார்டில் இருப்பார். எக்ஸ்ரே மாலையில் என்றாலும் காலையிலேயே போய்விடுவேன்.