தலை ஒருவருடையது, உடல் இன்னொருவருடையது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த உருவப்படக் கட்டுரையோடு பதினேழாம் நூற்றாண்டு ஃபிளெமிஷ் ஓவியர் ஆன்டனி வான் டைக்கின் படத்தையும் வெளியிட்டிருந்தீர்கள். ‘ஓவியர் தம்மைத் தாமே பேனாவால் வரைந்துகொண்டது’ என்று கீழே ஒரு குறிப்பு. பேனா இல்லை ஐயா, செப்புத்தகட்டில் கோடு கீறி, மை நிரப்பித் தாளில் ஒற்றியெடுத்த அச்சுப்படம். தலைதான் அவர் கைவேலை. கழுத்துக்குக் கீழே, சிலைக்கு வைப்பதுபோல், மார்பையும் பீடத்தையும் சேர்த்தவர் செதுக்குக் கலைஞர் ஜேக்கப் நீஃப்ஸ். வான் டைக் 1641இல் காலமாகிவிட்டார். அவருடைய உருவப்படத் தொகுப்பு ஆன்ட்வெர்ப்பில் 1645இல் வெளியானபோது, முகப்புப் பக்கத்துக்காக அந்தத் தகட்டை நிரப்பிவிட்டார்கள்.

தபால்தலை அளவில் அச்சிட்டதால் உங்கள் பக்கத்தில் எல்லாம் ஒரே கறுப்பு. என்னிடம் பெரிய அச்சுப்படி இருக்கிறது. லென்ஸை வைத்தால் இரண்டு பேரின் கைவேலையும் பிரிந்து தெரிகிறது. முகம், மெழுகு பூசிய தகட்டில் ஊசியால் கீறி அமிலத்தில் அரிக்கவிட்டது. மெழுகில் ஊசிக்குத் தடை ஏது? கன்னத்தில் புள்ளிகளும் குட்டைக் கோடுகளுமாகத் தூவியிருக்கிறார். தலைமுடியில் கோடு தன் போக்கில் சுருண்டு ஓடுகிறது. பீடமோ உளிவேலை. உளியை உள்ளங்கையால் தள்ளத் தள்ளக் கோடு மெலிதாகத் தொடங்கி, அழுத்தத்துக்கு ஏற்பத் தடித்து, மறுபடி மெலியும். வளைவு வந்தால் தகட்டைத்தான் திருப்புவார்கள். அதனால் கோடுகள் உழவுச்சால் போல வரிசை பிடித்து நிற்கின்றன.

சாம்பல் நிறம் என்று ஒன்று அங்கே கிடையவே கிடையாது. மையின் கறுப்பும் தாளின் வெளுப்பும்தான். நிழல் வேண்டுமென்றால் கோட்டை நெருக்கு, இன்னும் வேண்டுமென்றால் குறுக்கே இன்னொரு வரிசை. மூக்கின் மேல் விழும் வெளிச்சம், கை வைக்காமல் விட்ட வெறும் தாள். பென்சிலைத் தேய்த்து நிழல் கொண்டுவரும் மாணவர்களிடம் முப்பது ஆண்டுகள் இதைத்தான் சொல்லி மாரடித்தேன்.

நீஃப்ஸை நான் குறை சொல்லவில்லை, சுத்தமான வேலைக்காரர். ஆனாலும் தகட்டை நிரப்புவதற்கு முன் எடுத்த படிகளைப் பார்த்தவர்களுக்கு மனம் ஒப்பாது. மேலே ஒரு தலை, முறுக்கிய மீசை, தோளுக்கு மேல் நம்மைத் திரும்பிப் பார்க்கும் கண்கள். கீழே முழுக்க வெற்றிடம்.

அந்தப் படியை அரைப்பக்க அளவிலாவது ஒருமுறை வெளியிடுங்கள். குறிப்பில் இரண்டு பேர் பெயரும் வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்