அந்தப் பன்னிரண்டு பேர்

கொட்டாஞ்சேனை,
ஞாயிறு பின்னேரம்.

அன்பு மகன்,

நேற்றிரவு நீ கதைத்ததில் இருந்து எனக்குச் சரியான நித்திரை இல்லை. பன்னிரண்டு பேரை வேலையிலிருந்து நிற்பாட்டச் சொல்லிக் கம்பனியில் உன் கையில் பட்டியல் தந்திருக்கிறார்கள், மெயிலிலேயே அறிவித்து விடட்டுமா என்று கேட்டாய். வேண்டாம் ராசா. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இருத்தி, முகம் பார்த்து நீயே சொல்லு.

2020 கொரோனாக் காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். நான் கணக்கெழுதிய தையல் பக்டரிக்கு வெளிநாட்டு ஓடர் முழுக்க ஒரே மாதத்தில் நின்றது. அறுபது பேர் வேலை செய்த இடம். இங்கே இலங்கையில் பதினைந்து பேரோ அதற்குக் கூடவோ வேலை செய்தால், ஆட்குறைப்புக்கு அவர்களுடைய எழுத்துச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். 1971ஆம் ஆண்டுச் சட்டம் அது. 2020 மே மாதம் அரசாங்கமும் முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து பேசி, வேலைக்கு அழைக்க முடியாதவர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி, அல்லது 14,500 ரூபா, எது கூடவோ அதைக் கொடுப்பதென்று முடிவெடுத்தார்கள். பெரிய காசில்லை. ஆனால் அடுப்பு எரிந்தது.

எங்கள் முதலாளி ஓடர் கொப்பியைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் விரித்து வைத்தார். வெறும் பக்கங்கள். சண்டை பிடிக்க வந்தவர்களும் அதைப் பார்த்துப் பேசாமல் நின்றார்கள். கட்டடச் சொந்தக்காரர் மூன்று மாதம் பாதி வாடகை வாங்கினார். தைக்கிற பிள்ளை ஒருத்தி தன் ஒழுங்கையில் உள்ள மருந்துக்கடையில் கதைத்து முகக்கவச ஓடர் எடுத்து வந்தாள். அதனால் பத்து மெஷின் திரும்ப ஓடியது. உண்மையைச் சொன்னபடியால்தான் அவளுக்கு அப்படித் தோன்றியது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அப்படியும் பதினெட்டுப் பேர் போகத்தான் வேண்டியிருந்தது. நம் சந்திக் கடைக்காரர் அவர்களுடைய கடனைப் பென்சிலால் எழுதினார். ஏன் பேனை இல்லை என்று கேட்டேன். "சிலதை அழிக்க வேண்டி வரும் ஐயா" என்றார். ஈ.டி.எஃப் என்கிற ஊழியர் நம்பிக்கை நிதியக் காசை வேலை போனதும் எடுக்கலாம், வயது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. பத்து நாள் நம் குசினி மேசையில் இருந்து அம்மாவும் நானும் படிவம் நிரப்பினோம். சிங்களம் வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்து வீட்டுச் சிங்களத் தங்கச்சி வந்து வாசித்துக் காட்டினா. அப்புறம் அவர்களைக் கூட்டிக்கொண்டு நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்துக்கும் போனேன்.

உங்கள் ஊர்ச் சட்டம் வேறு, சரி. ஆனால் அவர்களுக்குச் சேர வேண்டிய காசு எவ்வளவு, எப்போது வரும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கதை. வேலைச் சான்றுக் கடிதத்தையும் அன்றைக்கே கையில் கொடு. உனக்குத் தெரிந்த நாலு கம்பனிக்கு அவர்களுக்காக நீயே போன் பண்ணு.

பட்டியலில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி இருக்கிறாள் என்றாய். அவளை முதலில் கூப்பிடு, கடைசி வரை காத்திருக்க வைக்காதே. எல்லாம் முடிந்ததும் எனக்கு எடு. இங்கே எத்தனை மணியானாலும் பரவாயில்லை, முழித்திருப்பேன்.

அப்பா