பிடித்தம் போகவா, போகாமலா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழின் குடும்ப நிதிக் கட்டுரையில், இவ்வளவு ஆண்டு வருமானம் இருந்தால் வசதியாகவே வாழலாம் என்று ஒரு பட்டியல், கொஞ்சம் கட்டுப்பாடு இருந்தால் போதும் என்று ஒரு வரி. அந்தப் பட்டியலில் நானும் வருகிறேன். அதாவது நான் வசதியான ஆள், எனக்குத்தான் இத்தனை நாளாகத் தெரியவில்லை. வீட்டில் வாசித்துக் காட்டினேன், மனைவி சிரிக்கக்கூட இல்லை.

ஆண்டு வருமானம் என்றால் எது ஐயா? வேலைக்குச் சேரும்போது காகிதத்தில் போட்டுத் தருகிறார்களே அதுவா, வரி, சேமநிதி, காப்பீடு எல்லாம் பிடித்ததுபோகக் கைக்கு வருவதா? கைக்கு வருவதில் பாதி வாடகைக்கே போய்விடுகிறது. பன்னிரண்டு வருடமாக வரவு செலவு எழுதுகிறவன் நான், நோட்டின் முதல் பக்கங்களில் அது மூன்றில் ஒரு பங்குதான். சரி, ஊதாரித்தனம் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினேன். சென்ற மாதம் "இதர செலவு" என்ற இடத்தில் மகளின் கண்ணாடிக்கு ஃபிரேம் மாற்றியதும், ஒரு குடை ரிப்பேரும் இருக்கின்றன.

சம்பளம் ஏறுகிறதே என்பீர்கள். விலை வருடத்துக்கு 7 சதவீதமும் சம்பளம் 5 சதவீதமும் ஏறினால், 10 வருடத்தில் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு, சம்பளமோ ஒன்றரை மடங்கைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். கூட்டுவட்டியை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பணவீக்கம் இறங்கியதும் "விலைவாசி குறைந்தது" என்று முன்பு தலைப்புப் போட்டதும் நீங்கள்தானே? குறைந்தது ஏறும் வேகம், விலை அல்ல. அப்போதே எழுதினேன், பிரசுரிக்கவில்லை.

அப்புறம் அதே கட்டுரையில் வரும் அந்த வருடத்துக்கு 75,000 டாலர் கணக்கு. அதற்கு மேல் சம்பாதித்தாலும் அன்றாட மகிழ்ச்சி கூடாது என்று உளவியலாளர் கானமனும் பொருளாதார அறிஞர் டீட்டனும் 2010இல் சொன்னது, அதுவும் அமெரிக்கர்களிடம் கேட்டு. 2023இல் கானமனே வேறு இருவரோடு சேர்ந்து மறுபடி பார்த்து, பெரும்பாலானவர்களுக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் ஏறிக்கொண்டேதான் போகிறது என்று எழுதிவிட்டார். நோபல் வாங்கியவர் திருத்திக்கொண்டார், உங்கள் கட்டுரையாளருக்கு மட்டும் இன்னும் 2010தான்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை பட்டியல் போடும்போது அது பிடித்தம் போகவா போகாமலா, எத்தனை பேர் உள்ள வீட்டுக்கு என்று ஒரு வரி சேருங்கள். அதைப் பொடி எழுத்தில் போட வேண்டாம். மகளுக்குத்தான் ஃபிரேம் மாற்றினேன், எனக்கு இன்னும் பழைய கண்ணாடிதான்.

இப்படிக்கு,
சந்தா இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு வாசகன்