ரேஷன் கடை அக்காவுக்கு, எதிர்த்த மெடிக்கல் தம்பி எழுதுவது

20 ஜூன் 2021

அன்புள்ள அக்காவுக்கு,

போனிலேயே சொல்லியிருப்பேன். "பேர் போடாம பிளாக்கில் எழுதுடா, க்யூவில் நிக்கிறவங்களும் படிக்கட்டும்" என்று நீங்கள் சொன்னதால் இங்கே எழுதுகிறேன்.

நேற்று உங்கள் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுத்ததிலிருந்து ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. டாக்டர் ஒரு மாத்திரையைக் கூட்டி, புதிதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார். அவருக்கு உங்கள் சுகர் எவ்வளவு என்று தெரியும். நாள் முழுக்க நீங்கள் எங்கே, எப்படி நிற்கிறீர்கள் என்று தெரியுமா? கடையை நடத்தும் உங்கள் கூட்டுறவுச் சங்கத்துக்கு எத்தனை மூட்டை இறங்கியது, எத்தனை கார்டு முடிந்தது என்று தெரியும். உங்களுக்குச் சுகர் இருப்பது தெரியுமா? இரண்டு இடத்திலும் ஆளுக்குப் பாதியைத்தான் சொல்லி வைத்திருக்கிறீர்கள். மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது. ஒரு மெடிக்கல்காரன் தெரிந்துவைத்து என்ன செய்ய?

15-ஆம் தேதியிலிருந்து கொரோனா நிவாரணத்தின் இரண்டாவது தவணை 2,000 ரூபாயும் 14 பொருள் பையும் கொடுக்கிறீர்கள். கார்டை ஸ்கேன் செய்து, பணத்தை எண்ணிக் கொடுத்து, பையை நீட்டி முடித்தால் வேலை முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. வாங்கியவர் பையை அங்கேயே பிரித்து, கோதுமை மாவு, ரவை, உளுந்து, புளி, கடுகு, டீத்தூள் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டு, மாஸ்கைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு, "துணி சோப்பு எங்க?" என்று உங்கள் முகத்துக்கு நேரே கேட்பார். நீங்களும் அடியில் கைவிட்டு சோப்பை எடுத்துக் காட்டுவீர்கள். என் கடையில் நடுவே கண்ணாடி இருக்கிறது. உங்களுக்கு ஒரு மர பெஞ்சும் கயிறும்தான். போன அக்டோபரில் கைரேகை மெஷின் வந்தபோது, இந்த நோய்க் காலத்தில் ஊரே ஒரே கண்ணாடியில் கட்டைவிரலை வைத்ததையும் இங்கிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

2020 மே மாதம் மத்திய உள்துறை போட்ட உத்தரவு நினைவிருக்கிறதா? 65 வயதைத் தாண்டியவர்கள், நாள்பட்ட நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 10 வயதுக்குட்பட்ட குழந்தைகள் எல்லோரும் வீட்டிலேயே இருக்க வேண்டும். அத்தியாவசியத் தேவைக்கும் மருத்துவத்துக்கும் மட்டும் வெளியே வரலாம். அதில் நீங்களும் உண்டு. ஆனால் மற்றவர்களின் அத்தியாவசியத் தேவையே உங்கள் கடைதான். அரிசி வாங்க வருகிற சுகர்காரரைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பச் சொன்னார்கள். அரிசி போடுகிற சுகர்காரர் என்ன செய்வது என்று அந்தத் தாளில் ஒரு வரி இல்லை. 2020 மார்ச் 22 சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊரே தட்டைத் தட்டியது. அதற்குப் பதிலாக ஒரு குழாயும் கக்கூஸும் கிடைத்திருந்தால் உங்களுக்கு எவ்வளவோ உபகாரமாக இருந்திருக்கும்.

பயமுறுத்த எழுதவில்லை. சுகர் இருப்பதாலேயே கொரோனா தேடிவந்து ஒட்டுவதில்லை. வந்தால் முற்றிப்போகிற ஆபத்துதான் கூடுதல், அதுவும் கட்டுப்பாட்டில் இல்லாத சுகருக்கு. இங்கிலாந்தில் முதல் அலையில் ஆஸ்பத்திரியில் கொரோனாவால் இறந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்குச் சுகர் இருந்தது. ஆகவே யார் உங்கள் எதிரே வந்து நிற்கிறார் என்பது உங்கள் கையில் இல்லை என்றாலும், சுகரைப் பிடித்து வைப்பது ஓரளவு உங்கள் கையில் இருக்கிறது. அந்த "ஓரளவு" எங்கே நழுவுகிறது என்று பார்ப்போம்.

காலை மாத்திரையில் இருப்பது கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினை விடச் செய்யும். நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. இட்லி இரண்டைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு வந்தால் பதினொன்றரை வாக்கில் உடம்பு பதறும். ஜூன் வெயிலில், மாஸ்குக்குள், எல்லோருக்கும்தான் வியர்க்கிறது. அதனால் அது சுகர் இறங்கிய வியர்வை என்று உங்களுக்கே பிடிபடாது. கை நடுங்கி நோட்டை இரண்டு தரம் எண்ணுவீர்கள். யாரையாவது சுள்ளென்று பேசிவிடுவீர்கள். "அந்தம்மாவுக்குத் திமிரு" என்று என் கடையில் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். திமிர் இல்லை ஐயா, 70-க்குக் கீழே போன சுகர் அது.

அப்போது உடனே மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடியோ சீனியோ தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு தரம். ஏறியதும் ஏதாவது சாப்பிட வேண்டும். இது உங்களுக்குத் தெரியும். மூட்டை தூக்கும் தம்பிக்குத் தெரியுமா? நீங்கள் பேச்சுத் தடுமாறி உட்கார்ந்துவிட்டால் அவன்தான் செய்ய வேண்டும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது அந்த 340. போன வாரம் மதியம் மீட்டரில் 340 காட்டியது என்று பதறி, சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டு, சாயங்காலம் நடுக்கத்தோடு என் கடைப் படியில் வந்து உட்கார்ந்தீர்களே, அன்று காலை முழுக்கச் சீனி அளந்திருக்கிறீர்கள். விரலில் ஒட்டிய சீனித் துகள் ரத்தச் சொட்டோடு கலந்தால் மீட்டர் அதையும் சேர்த்துத்தான் காட்டும். "சானிடைசர் போட்டுட்டுத்தானே குத்தினேன்" என்றீர்கள். சானிடைசர் கிருமியைக் கொல்லும், சீனியைக் கழுவாது. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் குத்த வேண்டும். சீனி தொட்ட கைக்கு முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டை எடுப்பதும் நம்பகம் கிடையாது. போன வருஷம் கடை வாசலில் கைகழுவ வைத்த நீல டிரம் இப்போது கோணிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதை நிரப்பி வைக்கச் சொல்லுங்கள், க்யூவுக்கும் ஆகும்.

இப்போது புதிய மாத்திரை, டபாக்ளிஃப்ளோசின். நல்ல மருந்துதான். காப்புரிமை முடிந்து விலை இறங்கியதால் நம் பக்கத்துச் சீட்டுகளிலும் இப்போது நிறைய வருகிறது. ரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுவதுதான் அதன் வேலை. அப்படியானால் அடிக்கடி போக வேண்டியிருக்கும், தண்ணீரும் நிறையக் குடிக்க வேண்டும். உங்கள் கடையில் கக்கூஸ் கிடையாது. பக்கத்து ஸ்கூலில் போய்க்கொண்டிருந்தீர்கள். கொரோனாவில் ஸ்கூல் கேட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். அதிலிருந்து காலையில் அரை டம்ளருக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை என்று நீங்களே சொன்னீர்கள். இந்த மாத்திரையோடு அப்படி இருந்தால் உடம்பு வறண்டு தலைசுற்றும். பூஞ்சைத் தொற்று, அரிப்பு என்று வெளியே சொல்லக் கூசுகிற தொந்தரவுகள் வரும். ஆண்கள் சுவர் ஓரம் ஒதுங்கிவிட்டு வந்து, இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்பார்கள்.

அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் வேலையைச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்குச் சாப்பாடு, எத்தனை மணி நேரம் தண்ணீரும் கக்கூஸும் இல்லை என்று சொன்னால் மாற்றி எழுத அவருக்கு வழி இருக்கிறது. காய்ச்சல் வந்து சாப்பாடு இறங்காத நாளில் இந்த மாத்திரையைப் போடலாமா என்பதையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அதைப் பட்டினியோடு தொடர்வது ஆபத்து.

காய்ச்சல் என்றதும் ஒன்று. போன மாதம் என் கவுன்டரில் வாட்ஸ்ஆப் சீட்டோடு வந்தவர்களுக்குக் கணக்கில்லை. ஐவர்மெக்டின், அசித்ரோமைசின், ஜிங்க், கடைசி வரியில் டெக்ஸா. யார் எழுதியது என்று கேட்டால் "சித்தப்பா பையனுக்குக் கேட்டுச்சு" என்பார்கள். டெக்ஸா என்பது டெக்ஸாமெத்தசோன், ஒரு ஸ்டீராய்டு. அது ஆக்சிஜன் தேவைப்படுகிற நோயாளியின் உயிரைக் காப்பாற்றும் என்று 2020 ஜூனில் இங்கிலாந்து ஆய்வு காட்டியது உண்மை. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை என்று காட்டியதும் அதே ஆய்வுதான். சுகர்காரருக்கு அது சுகரைக் கிடுகிடுவென ஏற்றிவிடும். ஏறிய சுகரும் ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில்தான் கருப்புப் பூஞ்சை பிடிக்கிறது; மே மாதம் நம் அரசே அதை, யாருக்கு வந்தாலும் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோயாகச் சேர்த்துவிட்டது. உங்கள் வீட்டுக்காரர் கேட்டாலும் சீட்டு இல்லாமல் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

தடுப்பூசி விஷயத்தில் உங்களுக்கு நடந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. மார்ச் 1-ல் 45 முதல் 59 வரை இணைநோய் உள்ளவர்களுக்குத் திறந்தபோது ஆசையாகப் போனீர்கள். பட்டியலில் சுகர் மட்டும் இருந்தால் போதாது. பத்து வருஷத்துக்கு மேல் இருக்க வேண்டும் அல்லது அதனால் வேறு பாதிப்பு வந்திருக்க வேண்டும், கூடவே பிரஷருக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். உங்களுக்குச் சுகர் எட்டு வருஷம், பிரஷர் இல்லை. நோய் போதவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்! ஏப்ரல் 1-ல் 45 வயதான எல்லோருக்கும் என்று ஆன பிறகுதான் முதல் ஊசி. அப்புறம் மே 13-ல் கோவிஷீல்டு இடைவெளியை 12 முதல் 16 வாரம் என்று நீட்டினார்கள். ஜூலையில் உங்கள் முறை வருகிறது, கடையில் லோடு இறங்குகிற நாள் என்று தள்ளிப்போடாதீர்கள்.

க்யூவில் நிற்கிறவர்களே, இது உங்களுக்கு. போன வாரம் அக்கா மூட்டைக்குப் பின்னால் திரும்பி உட்கார்ந்து இரண்டு வாய் தயிர்சாதம் சாப்பிட்டதை ஒருவர் வீடியோ எடுத்தார். "மக்கள் வெயில்ல காயுறாங்க, இவங்க உள்ள விருந்து சாப்பிடுறாங்க" என்று தலைப்புப் போட்டு தெரு குரூப்பில் விட்டார். அதிலிருந்து அக்கா கடையில் சாப்பிடுவதே இல்லை. மாத்திரை மட்டும் நேரத்துக்குப் போகிறது. வீடியோ எடுத்தவரின் அப்பாவுக்கு மாதாமாதம் என்னிடம்தான் இதே கிளிமிபிரைடு வாங்குகிறார்.

அக்கா, சங்கத்தில் சொன்னால் கவுன்டரிலிருந்து எடுத்துவிடுவார்கள், மாற்றல் போட்டுவிடுவார்கள் என்று பயப்படுகிறீர்கள். நியாயமான பயம்தான், நான் இல்லை என்று சொல்லமாட்டேன். இருந்தாலும் பெரிதாக எதுவும் கேட்கப் போவதில்லையே. பதினோரு மணிக்குப் பதினைந்து நிமிஷம் இடைவேளை என்று ஒரு அட்டை, முதுகு சாயும் நாற்காலி ஒன்று, ஸ்கூல் கேட் சாவி. சாவிக்கு ஹெட்மாஸ்டரிடம் நானே பேசுகிறேன், அவர் பிரஷர் மாத்திரை நம்மிடம்தான். மற்ற இரண்டுக்கும் மனு எழுதித் தருகிறேன். "சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்வதால்" என்று முதல் வரியிலேயே போட்டுவிடுவோம், கையெழுத்து மட்டும் நீங்கள்.

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போகும்போது டோக்கன் நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை மணிக்கு எத்தனையாவது டோக்கன் முடித்தீர்கள் என்று ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறீர்களே, அதை அவர் மேஜையில் வையுங்கள். நான் எழுதித் தருவதை விட அது தெளிவாகச் சொல்லும். சுகர் மீட்டருக்கான ஸ்ட்ரிப் டப்பா புதிதாக வந்திருக்கிறது, ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். காசு சம்பளத்துக்கு அப்புறம் கொடுத்தால் போதும்.

அன்புடன்,
எதிர்த்த மெடிக்கல் தம்பி